அபே ரோடு இசைக்கூடத்தில்

லண்டன் மாநகரின் வடமேற்கே, செயின்ட் ஜான்ஸ் வுட் என்னும் பகுதியில், சுரங்க ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தூரம் நடந்தால், மரங்கள் நிழல் பரப்பும் சாலை ஒன்றின் ஓரமாக, வெள்ளைச் சாயம் பூசிய பழைய வீடொன்று தென்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தனவந்தர்களின் வாசஸ்தலமாகக் கட்டப்பட்ட அந்த வீட்டை, 1929-ல் கிராமபோன் கம்பெனியார் விலைக்கு வாங்கி, பின்புறத்துத் தோட்ட நிலத்தில், சங்கீதத்தைப் பதிவு செய்வதற்கென்றே பெரிய கூடங்களை எழுப்பினார்கள். 1931 நவம்பரில் இங்கிலாந்தின் இசையமைப்பாளர் சர் எட்வர்ட் எல்கர் தாமே லண்டன் சிம்பொனி வாத்தியக் கோஷ்டியை நடத்தி, அந்த ஸ்தாபனத்தைத் திறந்து வைத்தார். அதன் வாசலுக்கு அருகே சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடுகளில், 1969-ல் பீட்டில்ஸ் குழுவின் நால்வரும் வரிசையாக நடந்த புகைப்படம் உலகப் பிரசித்தி பெற்றுவிட்டபடியால், இன்றைக்கும் பல தேசங்களிலிருந்து வரும் இளைஞர்கள் அதே கோடுகளில் அதே விதமாக நடந்து படம் எடுத்துக்கொள்கின்றனர். கார் ஓட்டி வருகிறவர்கள் பழகிப்போன பொறுமையுடன் காத்து நிற்கின்றனர். நான் அங்கே போனது, கோடுகளைத் தாண்டி உள்ளே, முதலாம் நம்பர் கூடம் என்று வழங்கும் பெரிய மண்டபத்தில், ஒரு சினிமாவின் துரத்தல் காட்சிக்கு வாத்தியக் கோஷ்டி வாசித்துப் பதிவு செய்வதைப் பார்ப்பதற்காக.

நம் ஊரில் ரீ-ரெக்கார்டிங் என்று சொல்லப்படும் இந்த வேலையைப் பற்றி, ரஸிகர்களுக்குள்ளேயே ஒரு தாழ்ந்த அபிப்பிராயம் உண்டு. பாட்டு என்றால் கலை, காதல் காட்சிக்கு வயலின் என்றால் அதுவும் கலை. சண்டைக் காட்சிக்கு வாசிப்பது மட்டும் வெறும் ஓசை, கையில் கிடைத்ததையெல்லாம் பலமாகத் தட்டினால் முடிந்தது என்று படித்தவர்களும் நினைக்கிறார்கள். உண்மையோ இதற்கு நேர் விரோதமானது. திரைக்கு எழுதப்படும் சங்கீதம் அனைத்திலும், மிகுந்த கணக்கும் மிகுந்த கட்டுப்பாடும் வேண்டியிருப்பது இந்தச் சண்டைக் காட்சிக்கான சங்கீதந்தான். இந்த நம்பிக்கை எனக்கு முன்னரே உண்டு என்றாலும், அபே ரோடில் கண்ணாலும் காதாலும் கண்டு கேட்ட பிறகு அது உறுதிப்பட்டுவிட்டது.

லண்டனில் நெடுங்காலமாக வசித்துவரும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், வாத்தியக்காரர்களுக்கான தனித்தனிப் படிகளைத் தயாரித்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறார். அவருடைய சிபாரிசினாலேதான் எனக்கு உள்ளே செல்லும் பாக்கியம் கிட்டியது. வாசலில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். படத்தின் பெயர், கதை, அதில் சம்பந்தப்பட்டவர்கள் ஆகிய ஒன்றையும் வெளியிடுவதில்லை என்ற வாக்குறுதி அது. ஆகையால், மலைச்சாலை ஒன்றில் நிகழும் மூன்று நிமிஷத்துத் துரத்தல் என்பதற்கு மேல் அந்தக் காட்சியைப் பற்றி நான் சொல்வதற்கில்லை. சங்கீதம் எப்படி அமைகிறது என்பதைச் சொல்வதற்கு அதுவே போதும்.

சண்டைக் காட்சிக்கான இசை முதலில் கடிகாரத்தின் முன்னால்தான் உருவாகத் தொடங்குகிறது. பதிவுக்குப் பல வாரங்களுக்கு முன்பே, டைரக்டரும் இசையமைப்பாளரும், இசைத் தொகுப்பாளர் என்ற உத்தியோகம் வகிப்பவரும் சேர்ந்து படத்தைப் பார்த்து, இசை எந்தக் கணத்தில் தொடங்க வேண்டும், எந்தக் கணத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். பிறகு அந்தத் தொகுப்பாளர், காட்சியில் நிகழும் ஒவ்வொன்றையும், கார் வளைவில் திரும்புவது, கதவு பிய்த்துக்கொண்டு போவது, கதாநாயகன் திடீரென்று திரும்பிப் பார்ப்பது முதலியவற்றையெல்லாம், வினாடிக்குள் வினாடியாகப் பிரித்துப் பட்டியல் எழுதித் தருகிறார். இசையமைப்பாளர் இந்தப் பட்டியலில் எவற்றுக்கு இசை அழுத்தம் கொடுக்க வேண்டும், எவற்றைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிட வேண்டும் என்று முதலில் முடிவு செய்கிறார். எல்லாவற்றுக்கும் ஓர் அடி அடித்தால் அது சித்திரப் படத்து எலியின் ஓட்டத்துக்கு வாசித்ததுபோல் ஆகிவிடும். ஒன்றுக்குமே அடிக்காவிட்டால் இசை ஒரு பக்கம், படம் ஒரு பக்கமாகப் போய்விடும். எதை விடுவது என்பதில்தான் இசையமைப்பாளருடைய விவேகம் வெளிப்படுகிறது.

கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். சினிமாப் படம் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடுகிறது; நிமிஷத்துக்கு 1440. பத்துச் சட்டங்களுக்கு ஒரு தாள அடி என்று வைத்துக்கொண்டால் நிமிஷத்துக்கு 144 அடிகள் விழும். துரத்தலுக்கு அது பொருத்தமான காலப்பிரமாணம். காட்சி தொடங்கி இருபத்தொன்றேகால் வினாடியில் கார் பாலத்தின் சுவரை உடைத்துக்கொண்டு பாய்கிறது என்று கொள்ளுங்கள். இருபத்தொன்றேகால் வினாடிக்கு 510 சட்டங்கள், அதாவது 51 அடிகள். நான்கு அடிகள் கொண்ட ஆவர்த்தங்களாகவே எழுதிக்கொண்டு போனால் பன்னிரண்டு ஆவர்த்தங்களில் 48 அடிகள் செலவாகி, மிச்சம் மூன்று நிற்கும். எனவே இசையமைப்பாளர் எங்கேனும் ஓரிடத்தில் மூன்று அடி கொண்ட ஆவர்த்தம் ஒன்றை நுழைக்கிறார். அடுத்த ஆவர்த்தத்தின் சமத்தில் கார் சுவரில் மோதுகிறது. நுழைத்த ஆவர்த்தம் துருத்திக்கொண்டு தெரியாமல், ஓட்டத்திலேயே ஒரு தடுமாற்றம் இருப்பதுபோல் ரஸிகனுக்குத் தோன்ற வேண்டும். இப்படி மூன்றும் ஐந்தும் ஏழுமாக மாறி மாறி வரும் நடையினால்தான் துரத்தல் இசைக்கு மூச்சுத் திணறும் வேகம் கிடைக்கிறது. கண்ட நடையிலும் மிஸ்ர சாப்பிலும் பழகிய நம்மவர்கள் இந்தச் சுகத்தை மற்றவர்களைவிட விரைவில் உணர்வார்கள் என்று நினைக்கிறேன்.

கணக்குக்கு அடுத்தபடி ஸ்தாயி. வெடியும் இடியும் கீழ்ஸ்தாயியைப் பிடித்துக்கொள்கின்றன. டயர் கிறீச்சிடுவதும் கண்ணாடி நொறுங்குவதும் மேல்ஸ்தாயியை அடைத்துக்கொள்கின்றன. பாத்திரங்கள் பேசும் பேச்சு நடுவில் இருக்கிறது. இவற்றுக்கிடையே எஞ்சிய இடத்தில்தான் இசை குடியிருக்க வேண்டும். வெடி வெடிக்கும் கணத்தில் டிம்பனியும் பெரிய முரசும் முழங்கினால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும் என்பதை அறிந்த இசையமைப்பாளர், அதற்கு அரை வினாடி முன்னால் வாத்தியங்களை ஏறக்குறைய முற்றிலும் நிறுத்தி, அந்த மௌனத்தில் வெடியை விழச் செய்து, புகை கலையும்போது பிரெஞ்சு ஹார்ன்களை எழுப்புகிறார். இப்படித் தம்முடைய வாத்தியத்தை மற்றோர் ஓசைக்காக அடக்கிக்கொள்ளும் அடக்கம் வேறெந்தச் சங்கீதத்திலும் இவ்வளவு வேண்டியதில்லை.

இவ்வாறு எழுதிய கரு, கோஷ்டியின் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பிரித்து எழுதுபவரிடம் சென்று, முழுப் பிரதியாகி, அதன்பின் என் நண்பரைப் போன்றவர்களிடம் வருகிறது. முதல் வயலினுக்கு ஒன்று, மூன்றாம் ட்ராம்போனுக்கு ஒன்று என்று தனித்தனிப் படிகள். ஒவ்வோர் ஆவர்த்தத்துக்கும் எண் இட்டிருக்க வேண்டும். “அறுபத்தொன்றிலிருந்து” என்று ஒலிபெருக்கியில் சொன்னவுடன் எண்பது பேரும் ஒரே இடத்தில் கண்ணை வைக்க வேண்டுமல்லவா? பக்கம் புரட்டும் இடத்தில் வாத்தியக்காரருக்கு ஓய்வு வரும்படி பக்கங்களை அமைப்பது ஒரு தனி வித்தை. வயலின்காரர்கள் இருவருக்கு ஒரு தாங்கி. அவர்களில் உட்பக்கம் இருப்பவர் பக்கத்தைப் புரட்ட, மற்றவர் வாசிப்பை விடாமல் நடத்துகிறார். காகிதம் சரசரத்தால் அந்தச் சரசரப்பும் பதிவாகிவிடும்.

நாங்கள் போன வேளையில் கலைஞர்கள் சாதாரண உடையில், வாத்தியப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு, ஆபீசுக்கு வருகிறவர்கள் போலவே வந்துகொண்டிருந்தனர். மூன்று மணி நேரம் கொண்டது ஓர் அமர்வு. காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. தாங்கியில் இருக்கும் காகிதத்தை அவர்களில் ஒருவரும் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒத்திகை என்று தனியாக ஒன்று இல்லை. முதல் தடவை வாசிக்கும்போதே ஏறக்குறையப் பிழையின்றி வாசித்துவிடும் திறமைக்காகத்தான் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் படத் தயாரிப்பாளர்கள் லண்டன் கலைஞர்களை நாடி வருகின்றனர். 1977 மார்ச்சில், ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் லண்டன் சிம்பொனி கோஷ்டியைக் கொண்டு பதிவு செய்தபோது, முதல் ட்ரம்பெட் வாசித்த மாரிஸ் மர்ஃபி அந்தக் கோஷ்டியில் சேர்ந்து வாசித்த முதல் நாளே அதுதான். தொடக்கத்து ட்ரம்பெட் முழக்கத்தைக் கேட்டவர்கள் அதை நம்புவது கஷ்டம்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருந்த கட்டுப்பாட்டு அறையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்த பிறகு, ஒரு டேக் மட்டும் கூடத்துக்குள்ளேயே இருந்து கேட்க அனுமதி கிடைத்தது. நண்பர் என்னைச் சுவரோரமாக உட்காரவைத்து, “கதிரை கிறீச்சிட்டாலும் மைக்கில விழுந்திடும். கொஞ்ச நேரம் அசையாமல் இருங்கோ” என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். ஓபோ வாத்தியம் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க, கோஷ்டி முழுவதும் அதற்குச் சுருதி சேர்த்துக்கொண்டது. இசை நடத்துநரின் தலைக்கு மேலே, உயரமான தண்டு ஒன்றிலிருந்து, மூன்று மைக்குகள் முக்கோணமாகத் தொங்கின. இங்கிலாந்தின் டெக்கா கம்பெனி எஞ்சினீயர்கள் 1950-களில் கண்டுபிடித்த இந்த அமைப்பு டெக்கா மரம் என்ற பெயரால் இன்றளவும் வழங்குகிறது. கூடத்தின் முழு ஓசையையும் அது வாங்கிக்கொள்ள, செல்லோ, ஹார்ன், முரசு முதலிய ஒவ்வொரு வரிசைக்கும் அருகில் வேறு மைக்குகள் துணை நின்றன.

எல்லாக் கலைஞர்களும் ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்தார்கள். அந்தக் காதில் விழுவது ‘கிளிக்’ என்னும் தாளத் தட்டல்; மற்றக் காது பக்கத்தில் இருப்பவருடைய வாத்தியத்தைக் கேட்பதற்கு. ஹாலிவுட்டில் மாக்ஸ் ஸ்டைனர் போன்றவர்கள் 1930-களிலேயே கையாண்ட ஏற்பாடு இது. அந்தக் காலத்தில் படச்சுருளின் ஒலி ஓரத்தில் துளைகள் இட்டு, அவை ஓடும்போது எழும் தட்டலையே தாளமாக வைத்துக்கொண்டார்கள். இசை நடத்துநரின் முன்னால் இருந்த திரையில் மலைச்சாலைக் காட்சி ஓடியது. முக்கியமான கணம் நெருங்கும்போது, நெட்டுக்குத்தான கோடு ஒன்று திரையின் இடப்புறத்திலிருந்து வலப்புறமாக நகர்ந்து, ஓரத்தை எட்டியதும் ஒரு வெளிச்சம் பளிச்சிட்டது. ஹாலிவுட் இசையமைப்பாளர் ஆல்ஃப்ரட் நியூமன் காலத்தில் படச்சுருளையே சுரண்டிக் கோடு கிழித்தும் துளையிட்டும் செய்ததை இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது. கோடும் பளிச்சென்ற ஒளியும் மாறவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. எட்டுத் தட்டல்கள் ஹெட்ஃபோன்களிலிருந்து பூச்சியின் ஒலிபோல் மெல்லக் கசிந்தன. அடுத்த கணம் கூடம் எழுந்தது. அதை வர்ணிப்பதற்கு எனக்கு வேறு வார்த்தை அகப்படவில்லை. டபுள் பாஸ்களின் கீழ்ஸ்வரம் காதுக்கு வருமுன் மரத் தரையின் வழியாகப் பாதத்துக்கு வந்தது. வயலின் வில்கள் முப்பதும் ஒரே திசையில் ஏறி ஒரே திசையில் இறங்கின. முதல் வயலின்காரர் பென்சிலால் தம் படியில் இட்டுக்கொண்ட வில் குறியை, பின்வரிசை வரைக்கும் ஒவ்வொருவரும் முன்னிருப்பவரைப் பார்த்துக் குறித்துக்கொண்டதைச் சற்று முன்னர்தான் கண்டிருந்தேன். பின்னால் முரசுக்காரர் ஒருவர் ஐம்பது ஆவர்த்தங்கள் சும்மா நின்று, எண்ணிக்கொண்டே இருந்து, சரியான கணத்தில் ஒரே ஓர் அடி அடித்து, உடனே உள்ளங்கையால் தோலை அமுக்கி அதிர்வை நிறுத்தினார். கடைசி ஸ்வரம் நின்ற பின்பும் ஒருவரும் அசையவில்லை. வில்கள் அந்தரத்திலேயே நின்றன. கூடத்தின் எதிரொலி இரண்டு வினாடிக்கு மேல் உயரத்தில் உலவி ஓய்ந்த பிறகே மூச்சு விட்டார்கள்.

திரும்பவும் கட்டுப்பாட்டு அறைக்குள் சென்றபோது அங்கே ஒரு பிரச்னை காத்திருந்தது. துரத்தலின் நடுவே கதாநாயகி சொல்லும் ஒரு சிறு வாக்கியத்தை ட்ரம்பெட்டுகள் மறைக்கின்றன என்று டைரக்டர் கருதினார். இசையமைப்பாளர் ஒரு வார்த்தையும் மறுத்துச் சொல்லவில்லை. முழுப் பிரதியைப் புரட்டி, எட்டு ஆவர்த்தங்களுக்கு ட்ரம்பெட்டுகளை நிறுத்தி, அவை வாசித்ததைக் கிளாரினெட்டுகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே மாற்றிக் கொடுத்தார். அடுத்த சில நிமிஷங்களில் என் நண்பர் புதிய படிகளுடன் கூடத்துக்குள் சென்று, தாங்கிகளில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த டேக்கில் வாக்கியம் துலக்கமாகக் கேட்டது, வேகமும் குறையவில்லை. எழுதியதை அழிப்பதில் அந்த இசையமைப்பாளர் காட்டிய நிதானம், எழுதியதில் காட்டிய சாமர்த்தியத்துக்குக் குறைந்ததன்று.

இதைத் தொடர்ந்து, பித்தளை வாத்தியங்களை மட்டும் தனியே, தந்தி வாத்தியங்களை மட்டும் தனியே, தாள வாத்தியங்களை மட்டும் தனியே வாசிக்கச் செய்து பதிவு செய்தார்கள். பின்னால் வெடிச் சத்தத்தோடும் பேச்சோடும் சேர்க்கும்போது எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று தீர்மானிக்க இது சௌகரியம். இக்காலத்தில் பரவலாகிவிட்ட இந்த வழக்கத்தில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. எல்லோரும் ஒரே அறையில், ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசித்தபோது உண்டான உஷ்ணம், பிரித்து வாசித்தவற்றை அடுக்கியபோது உண்டாகவில்லை. பென்சிலும் காகிதமும் கொண்டே எழுதி, முழுக் கோஷ்டியை ஒருங்கே அமர்த்திப் பதிவு செய்யும் பழக்கத்தை ஜான் வில்லியம்ஸ் விடாமல் காத்துவந்திருப்பது காரணமில்லாமல் அன்று. 1981-ல் வெளிவந்த ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ படத்தில், பாலைவனத்து லாரித் துரத்தலுக்கு ஏறக்குறைய எட்டு நிமிஷம் ஓயாமல் ஓடும் அவருடைய இசை, நான் உட்கார்ந்திருந்த அதே கூடத்தில் பதிவானது.

1999-ல் அதே கூடத்தில் அவர் பதிவு செய்த மற்றொரு சண்டை இசையும் நமக்கு விசேஷமானது. ‘தி ஃபாண்டம் மெனஸ்’ படத்தின் வாட்சண்டைக்கு, பழைய வேல்ஸ் நாட்டுக் கவிதை ஒன்றின் ஆங்கில வடிவத்திலிருந்து சில சொற்களை எடுத்து, சமஸ்கிருதமாக்கி, லண்டன் பாடகர் குழுவினரைப் பாடச் செய்தார். அர்த்தத்தைவிட அட்சரங்களின் நாதத்துக்காகவே அந்த பாஷையைத் தேர்ந்தெடுத்தார் என்பது பிரசித்தம்.

நம்மவர்க்கும் இந்நகரத்துக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. 1993-ல் இளையராஜா தம் சிம்பொனியை லண்டனில்தான் ராயல் ஃபில்ஹார்மானிக் கோஷ்டியைக் கொண்டு பதிவு செய்தார். 2025 மார்ச்சில் தம் ‘வேலியண்ட்’ சிம்பொனியையும் இங்கேயே அரங்கேற்றினார். காட்சியைத் திரையில் பார்த்துவிட்டு, வாத்தியத்தைத் தொடாமலே, அத்தனை வாத்தியங்களுக்கும் நேரே காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடும் அவருடைய ஆற்றலை அபே ரோடில் ஒரு கலைஞரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் வியப்படைந்தார், ஆனால் நம்பாமல் இல்லை. அந்தத் தொழிலின் பளுவை அறிந்தவர் அவர்.

லண்டனை விட்டுப் புறப்படுமுன், மாரிலபோன் நிலையத்தில் ரயில் ஏறி, பக்கிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த டென்ஹாம் கிராமத்துக்கும் ஒருமுறை போய்வந்தேன். 1936-ல் அலெக்ஸாண்டர் கோர்டா அங்கே நிறுவிய பெரிய ஸ்டூடியோ இப்போது இல்லை. அதன் இசைக்கூடத்தை நடத்திவந்த ஆன்வில் நிறுவனத்தார் 1980-ல் அவ்விடத்தை இழந்து அபே ரோடுடன் கூட்டுச் சேர்ந்ததனாலேதான், முதலாம் நம்பர் கூடம் சினிமா இசையின் இருப்பிடமாயிற்று. ‘ஸ்டார் வார்ஸ்’ பதிவானதும் டென்ஹாமில்தான். ஆனால் நான் அங்கே போனதற்குக் காரணம் அதற்கும் எட்டு ஆண்டு முந்தைய ஒரு பதிவு. ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ என்ற யுத்தப் படத்துக்கு சர் வில்லியம் வால்டன் எழுதிய இசை, மால்கம் ஆர்னால்டின் தலைமையில் அங்கே பதிவாயிற்று. பதிவான பின், போதிய அளவு இல்லையென்று சொல்லித் தயாரிப்பாளர்கள் அதை நிராகரித்து, ரான் குட்வினைக் கொண்டு புதிதாக எழுதச் செய்தனர். படத்தில் நடித்த லாரன்ஸ் ஒலிவியர் தம் பெயரையே படத்திலிருந்து எடுத்துவிடும்படி வற்புறுத்தியதன் விளைவாக, ஆகாயச் சண்டைக்கான பகுதி ஒன்று மட்டும் தப்பிப் பிழைத்தது.

அந்தப் படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. முடிவை நெருங்கும் பெரிய ஆகாயச் சண்டை வரும்போது கவனியுங்கள்: எஞ்சின்களின் இரைச்சலும் பீரங்கிகளின் வெடியும் அடங்கிவிட, விமானங்கள் வால்டனுடைய வாத்தியங்களைத் தவிர வேறு ஓசையின்றிப் பறக்கின்றன, எரிகின்றன, விழுகின்றன. சண்டைக் காட்சிக்கான சங்கீதம் வெறும் ஓசைதானே என்று கேட்பவர்களுக்கு அந்தச் சில நிமிஷங்களைக் காட்டுங்கள்.